கைப்பற்றுதல் மகஜர், புதுப்பாளையம்

அந்தப் புயலுக்குத் தானே என்று பெயர்.
யாரோ வெளிதேசத்தார் வைத்ததாம்.
எங்களுக்கு அது வெறும் தமிழ்ச் சொல்.
தானே வந்தது, தானே போனது,
கெடிலம் வரை மின்கம்பங்களைப் படுக்க வைத்துவிட்டு.

நான் அப்போது வருவாய் ஆய்வாளர்.
நாலாம் நாள் காலை புதுப்பாளையத்தில்
நாமக்கல் பதிவெண் போட்ட மினி லாரி.
மேலே கோழிப்பண்ணை ஜெனரேட்டர்,
டீசல் கேன் ஏழு, சுருட்டிய வயர், தூங்கி வழியும் ஒரு பையன்.
ஆள் பெயர் செங்கோடன்.
அரைமணி ஓட்டினால் மாடித் தொட்டி நிறையும், முந்நூறு ரூபாய்.
செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற இருபது.

யார் கூப்பிட்டது உன்னை, என்றேன்.
"யாரும் கூப்பிடலீங்க.
கடலூர்ல முந்நூறு போகுதுன்னு மச்சான் போன்ல சொன்னான்.
வழியெல்லாம் மரத்த வெட்டி ஒதுக்கிட்டு வந்தோம்."
அரசாணை இல்லை, கடிதம் இல்லை.
ஒரு விலை போய்
இவனைக் கூட்டி வந்திருக்கிறது.

இதெல்லாம் இப்போது தோன்றுகிறது.
அன்று தோன்றியது
பிணத்து நெற்றிக்காசை எடுக்கிறவன் என்றுதான்.
தெருவே சொன்னது,
முந்நூறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சொன்னது.
மெஹருன்னிசா டீச்சர் காலி வாளியைத் தூக்கிக் காட்டி,
"இவனப் பிடிச்சு உள்ள போடுங்க சார்,
எங்க தொட்டி நெறஞ்சப்புறம்" என்றார்.

பிடித்தேன். தாசில்தாரின் வாய்மொழி உத்தரவு.
இனி இலவசம் என்றதும் வரிசை பீச் ரோடு வரை.
முதலில் கவுன்சிலர் வீடு, அடுத்து அவர் தங்கை வீடு.
மறுநாள் மதியம் டீசல் தீர்ந்தது.
எந்தத் தலைப்பில் செலவெழுதி வாங்குவது என்று
யாருக்கும் தெரியவில்லை.
தாலுகா ஆபீசில், சாய்ந்த வேப்பமரத்தடியில்
வண்டி நாற்பது நாள் நின்றது.

மஞ்சக்குப்பத்திலும் ஒன்று நடந்தது.
ஐந்து ரூபாய் மெழுகுவத்தியை இருபதுக்கு விற்ற கடையில்
ஐந்துக்குத்தான் விற்க வேண்டும் என்று பலகை மாட்டினோம்.
பலகை இருந்தது, மெழுகுவத்தி இல்லை.
பின்வாசலில் நாற்பது.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
இரண்டு வாங்கினேன்.

பாண்டிச்சேரியில் பொருளாதாரம் நடத்தும் என் சகலை இருதயராஜுக்கு
இந்தக் கதை சர்க்கரைப் பொங்கல்.
தேவனாம்பட்டினத்துக் கம்பெனிக்காரன் துணிக்கு அவனே விலை வைத்தபோது
நெய்கிறவன் ராவோடு ராவாக
பிரெஞ்சுக்காரன் பக்கம் போனானாம். தொடங்கினால் நிறுத்த மாட்டார்.
"தந்திக் கம்பியை அறுத்துட்டு
தந்தி வரலியேன்னு அழறீங்க" என்பார்.

சரிதான் சகலை.
ஆனால் சுண்ணாம்புக்காரத் தெருக் கடைசியில் தனபாக்கியம்.
தொட்டி கிடையாது, முந்நூறு கிடையாது,
அன்றைக்குக் கூரையும் கிடையாது.
எந்த விலை போய்
யாரை அவளிடம் கூட்டி வந்தது?
நகராட்சி லாரிதான் வந்தது, ஆறாம் நாள்,
ஒரு குடம், மஞ்சளாக.
இதற்கும் சகலையிடம் பதில் உண்டு.
நீளமான பதில்.

ஓய்வு பெற்ற பிறகு வந்தது இன்னொரு எச்சரிக்கை, எட்டாம் எண் கூண்டு.
மகஜரில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
"கடலூருங்களா" என்றவர் நின்றுவிட்டார்.
கொஞ்ச நேரம் கோழிகளின் சத்தம் மட்டும்.
வேண்டுமானால் ஆயிரம் தருகிறோம் என்றேன்,
எந்தச் சட்டமும் நினைவில்லாமல்.
"ரேட்டு இல்லீங்க பிரச்சனை.
வண்டிய மீட்க நாலு தடவை வந்து போனேன்.
எட்டாவது மேசைல கையெழுத்து" என்றார்.
கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.
பொருள்: ஜெனரேட்டர், பச்சை நிறம், ஒன்று.
நிலை: ஓடும்.
சாட்சிகள் இருவர்,
இருவர் வீட்டுத் தொட்டியும் நிறைந்திருந்தது.
மதிப்பு என்ற கட்டத்தில்
எழுத்து இல்லை.
பேனாவை வைத்து யோசித்த இடத்தில் ஒரு புள்ளி,
மை ஊறிக் கொஞ்சம் பெரிதாகி.